படத்தில் இருப்பது நோயல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் ஞாயிறு உடல்நலப் பக்கத்தில் ஈஸ்ட்ரோஜனையும் கர்ப்பப்பையையும் பற்றி வந்த கட்டுரையைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். நான் நோய்க்குறியியல் மருத்துவர். இப்போது ஓய்வில் இருக்கிறேன். வேலை பார்த்த காலம் முழுக்க என் மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் அதிகம் வந்து போனது கர்ப்பப்பையின் உட்சுவரிலிருந்து சுரண்டி எடுத்த திசுதான். அதனால் கட்டுரையைவிட அதோடு போட்டிருந்த படத்தில்தான் என் கண் முதலில் நின்றது.

'ஈஸ்ட்ரோஜன் அதிகமாகி நோயுற்ற கர்ப்பப்பைச் சுவர்' என்று அந்தப் படத்துக்கு அடிக்குறிப்பு போட்டிருக்கிறீர்கள். அதில் நோய் எதுவும் இல்லை. மாதவிடாய் வந்து எட்டுப் பத்து நாள் ஆன, எந்தக் குறையும் இல்லாத பெண்ணின் உட்சுவர் அப்படித்தான் இருக்கும். அடுத்த ஞாயிறே அடிக்குறிப்பைத் திருத்திப் போடுங்கள். 'எண்டோமெட்ரியம் தடித்திருக்கிறது', அதாவது கர்ப்பப்பையின் உட்சுவர் தடித்திருக்கிறது என்று எழுதிய ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் பக்கத்தைப் புரட்டுகிற பெண்கள் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்கள் வயிற்றில் புளியைக் கரைக்க இந்த ஒரு படம் போதும்.

படத்தில் என்ன தெரிகிறது என்று சொல்கிறேன். இடது கீழ் மூலையில் ஐந்தாறு சின்ன வட்டங்கள் இருக்கின்றன. அவை சுரப்பிகள். குழாயைக் குறுக்கே வெட்டினால் வட்டமாகத்தானே தெரியும்? வலது பக்கம் ஒரு சுரப்பி நீளவாக்கில் வெட்டுப்பட்டு, அதிகம் வளையாமல் மேல்நோக்கிப் போகிறது. ஒரு சுரப்பிக்கும் இன்னொன்றுக்கும் நடுவே, ஸ்ட்ரோமா என்று நாங்கள் சொல்லும் இடைத்திசு தாராளமாக இருக்கிறது. சுரப்பியின் சுவரில் செல்கள் நெட்டையாக, நெருக்கியடித்து நிற்கின்றன. உட்கருக்கள் ஒரே மட்டத்தில் இல்லாமல் ஒன்று ஏறியும் ஒன்று இறங்கியும் கிடப்பதால் இரண்டு மூன்று அடுக்கு இருப்பதாகத் தோன்றும். உண்மையில் ஒரே அடுக்குதான்; எல்லாச் செல்லும் அடிச்சவ்வில் கால் ஊன்றித்தான் நிற்கிறது. படத்தின் நடுவில், சுரப்பியின் உள்விளிம்பை ஒட்டி, கறுத்த சின்னப் பட்டை ஒன்று தெரிகிறதா? இரண்டாகப் பிரிந்துகொண்டிருக்கும் செல் அது. இடைத்திசுவிலும் அப்படி ஒன்று இருக்கிறது. கட்டுரை எழுதியவருக்கு அதைப் பார்த்ததும் புற்றுநோய் ஞாபகத்துக்கு வந்திருக்கலாம். மாதவிடாய் வருகிற வயதில், மாதத்தின் முதல் பாதி முழுக்க இங்கே செல் பிரிந்தாக வேண்டும். பிரியாவிட்டால்தான் நான் யோசிப்பேன்.

கர்ப்பப்பையின் உட்சுவரில் இரண்டு பகுதி உண்டு. மேல்பகுதி மாதாமாதம் உதிர்ந்து போகும். தசையை ஒட்டிய அடிப்பகுதி போகாது. கரும்பு வெட்டிய கட்டையிலிருந்து மறுதாம்பு கிளம்புவது போல, இந்த அடிப்பகுதியில் மிஞ்சி நிற்கும் சுரப்பிக் கட்டைகளிலிருந்துதான் மேல்பகுதி திரும்ப வளரும். இரத்தப்போக்கு நிற்பதற்கு முன்பே அந்தக் கட்டைகளின் விளிம்பிலிருந்து செல்கள் பரவிப் புண்ணான பரப்பை மூடத் தொடங்கிவிடும். அந்த நாட்களில் இரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் மிகக் குறைவு. ஆகவே புண்ணை மூடும் இந்த முதல் வேலைக்கு ஈஸ்ட்ரோஜனை எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை. அதற்குப் பிறகு ஆரம்பிக்கிற வளர்ச்சிதான் ஈஸ்ட்ரோஜனின் வேலை. சினைப்பையில் முட்டையைச் சுற்றி ஒரு நீர்ப்பை பெரிதாகும். அதன் சுவரில் உள்ள செல்கள் எஸ்ட்ராடையால் என்ற ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கும். அது ஏற ஏற உட்சுவரும் வளரும்.

எப்படி வளர்க்கிறது என்பதைக் கட்டுரை ஒரே வரியில் 'தூண்டுகிறது' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது. இது அவ்வளவு சுருக்கமாக விடக்கூடிய விஷயமல்ல. 1958இல் எல்வுட் ஜென்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானி கதிரியக்க ஹைட்ரஜன் சேர்த்த எஸ்ட்ராடையாலை, வயதுக்கு வராத பெண் எலிகளுக்குக் கொடுத்து அது எங்கே போகிறது என்று பார்த்தார். மற்ற உறுப்புகள் பலவற்றிலிருந்து அது சீக்கிரம் வெளியேறிவிட்டது. கர்ப்பப்பை போன்ற சில உறுப்புகள்தான் பிடித்து வைத்துக்கொண்டன. அதுவும் ஹார்மோனை உடைக்காமல், மாற்றாமல், வந்தபடியே வைத்திருந்தன. அங்கே அதைப் பிடித்துக்கொள்ள ஓர் ஏற்பி இருக்கிறது என்ற முடிவுக்கு அப்படித்தான் வந்தார்கள். ஹார்மோன் செல்லுக்குள் நுழைந்து ஏற்பியோடு சேர்ந்து, உட்கருவில் உள்ள மரபணுக்களில் சிலவற்றை இயங்கச் செய்கிறது, சிலவற்றை அடக்குகிறது. இரண்டாவது வகை ஏற்பி ஒன்று இருப்பது 1996இல்தான் தெரிந்தது. கர்ப்பப்பை உட்சுவரில் பெரும்பாலான வேலையைச் செய்வது முதலில் அறியப்பட்ட ஆல்ஃபா வகைதான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை 1997இல் வந்தது. ஈஸ்ட்ரோஜன் சுரப்பிச் செல்லை நேராகப் பிரியச் சொல்கிறதா, அல்லது பக்கத்தில் இருக்கும் இடைத்திசுவிடம் சொல்லி அதன் மூலமாகச் சொல்ல வைக்கிறதா? ஆல்ஃபா ஏற்பி இல்லாமல் பிறக்கும்படி செய்த எலியின் கர்ப்பப்பையையும் சாதாரண எலியின் கர்ப்பப்பையையும் எடுத்து, சுரப்பிச் செல்களின் இனமான மேல்படலத்தையும் இடைத்திசுவையும் தனித்தனியாகப் பிரித்து, மாற்றி மாற்றிச் சேர்த்து, வேறு எலிகளின் உடலுக்குள் வைத்து வளர்த்தார்கள். ஏற்பி இல்லாத மேல்படலத்தை ஏற்பி உள்ள இடைத்திசுவோடு சேர்த்தபோது, ஈஸ்ட்ரோஜன் கொடுத்ததும் மேல்படலச் செல்கள் பிரிந்தன. தலைகீழாகச் சேர்த்தபோது பிரியவில்லை. சுரப்பி வளர்வதற்கான ஆணை இடைத்திசு வழியாகத்தான் வருகிறது, இன்சுலினை ஒத்த அமைப்புள்ள வளர்ச்சிக் காரணிகள் (இன்சுலின் அல்ல) அந்தச் செய்தியைக் கொண்டுபோவதாகக் கருதுகிறார்கள். எலியில் கண்டது அப்படியே பெண்ணுக்கும் பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இதைப் படித்த பிறகு, ஸ்லைடில் சுரப்பியை மட்டும் பார்த்துவிட்டு இடைத்திசுவைத் தாண்டிப் போக எனக்கு மனம் வந்ததில்லை.

இடைத்திசுவிலும் பார்க்க நிறைய இருக்கிறது. பத்தாம் நாள் வாக்கில் அது நீர்கோத்துத் தளர்ந்து தெரியும். இரத்தக் குழாய்கள் நீண்டுகொண்டே மேலே வரும். சுரப்பி வாய்களைச் சுற்றி, உச்சியில் நுண்மயிர் உள்ள செல்கள் அதிகரிக்கும். பதின்மூன்று, பதினான்காம் நாளுக்குள் சுரப்பிகள் மேல்பரப்பைவிட வேகமாக நீண்டு, இடம் போதாமல் நெளியத் தொடங்கும். இவ்வளவுக்கும் நடுவே மைக்ரோஸ்கோப்பில் சாதாரணச் சாயத்தில் தெரியாத ஒன்றும் நடக்கிறது: ஈஸ்ட்ரோஜன் அந்தச் செல்களில், கருமுட்டை வெளியேறிய பிறகு சுரக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனுக்கான ஏற்பிகளை உண்டாக்கி வைக்கிறது. தன்னை அடக்கப்போகிற ஹார்மோனுக்குத் தானே கதவு திறந்து வைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈஸ்ட்ரோஜன் முதலில் வேலை செய்யாத உட்சுவரில் புரோஜெஸ்டிரோன் வந்தும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. ஈஸ்ட்ரோஜனைக் 'கர்ப்பப்பையின் எதிரி' என்று எழுதிய உங்கள் கட்டுரையாளருக்கு இதை யாராவது சொல்லியிருக்கலாம்.

கருமுட்டை வெளியேறிய பிறகு காட்சி மாறும். புரோஜெஸ்டிரோன் செல் பிரிவதை நிறுத்துகிறது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகளைக் குறைக்கிறது. எஸ்ட்ராடையாலை அதைவிட வலுக்குறைந்த எஸ்ட்ரோனாக மாற்றும் நொதியையும் உண்டாக்குகிறது. 28 நாள் சுழற்சியில் பதினாறு, பதினேழாம் நாளில் சுரப்பிச் செல்லின் உட்கருவுக்குக் கீழே வெள்ளையாக ஒரு குமிழ் தோன்றும். கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து இருந்த இடம் அது. பதினேழாம் நாள் எல்லா உட்கருவும் வரிசைபிடித்து நிற்கும், எல்லாவற்றுக்கும் அடியில் அந்த வெள்ளைக் குமிழ். நான் பார்த்த ஸ்லைடுகளில் இதற்கு ஈடான ஒழுங்கு வேறெதிலும் இல்லை. பிறகு அந்தச் சரக்கு சுரப்பியின் உள்ளே கொட்டப்படும். 22ஆம் நாள் வாக்கில் இடைத்திசு மறுபடி நன்றாக நீர்கோக்கும். அடுத்த நாள், உட்சுவருக்கு இரத்தம் கொண்டுவரும் சுருள் தமனிகள் தடித்துத் தெரியும். நோயஸ், ஹெர்டிக், ராக் என்ற மூன்று அமெரிக்க மருத்துவர்கள் 1950இல் இப்படி நாள்வாரியாக எழுதிவைத்த அட்டவணையைத்தான் எங்கள் தலைமுறை மனப்பாடம் செய்தது. குழந்தையின்மைக்குக் காரணம் தேட அந்த நாள்கணக்கு உதவாது என்று 2004இல் வந்த ஆய்வுகள் காட்டிவிட்டன. அதனால் ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. எந்த ஹார்மோன் முன்னால் நிற்கிறது என்று சொல்ல அந்தக் கண் இன்றும் உதவுகிறது.

கரு தங்காவிட்டால் இரண்டு ஹார்மோனும் ஒன்றாக இறங்கும், மேல்பகுதி உதிரும். எப்படி உதிர்கிறது என்பதை மார்க்கி என்ற ஆய்வாளர் கண்ணால் பார்த்து 1940இல் எழுதினார். ரீசஸ் குரங்கின் கர்ப்பப்பை உட்சுவரில் துளி எடுத்து அதே குரங்கின் கண்ணுக்குள், முன்பக்கத்தில் கண்ணாடி போல் தெளிவாக இருக்கும் படலத்துக்குப் பின்னால் உள்ள முன்அறையில் வைத்தார். திசு அங்கே ஒட்டிக்கொண்டது, மாதாமாதம் வளர்ந்து உதிர்ந்தது. உதிர்வதற்குச் சில மணி நேரம் முன்பு சுருள் தமனிகள் இறுக்கிக்கொள்வதை அந்தக் கண்ணாடிக்குள் பார்த்தார். இந்தக் காலத்தில் அந்தச் சோதனைக்கு யாரும் அனுமதி கொடுக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். கொடுக்கவும் வேண்டாம்.

இனி கட்டுரை தொட்டுவிட்டுப் போன நோய்க்கு வருகிறேன். கருமுட்டை வெளியேறாத மாதத்தில் புரோஜெஸ்டிரோன் வராது. ஈஸ்ட்ரோஜன் மட்டும் அடக்க ஆளில்லாமல் வேலையைத் தொடரும். வயதுக்கு வந்த புதிதிலும், மாதவிடாய் நிற்கப்போகிற வருடங்களிலும் இது அவ்வப்போது நடப்பதுதான். சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு மாதக்கணக்கில், வருடக்கணக்கில் இப்படியே ஓடலாம். மாதவிடாய் நின்றவர்களுக்கு சினைப்பை ஓய்ந்தாலும் உடலின் கொழுப்புத் திசு ஆண்ட்ரோஜன் என்ற ஹார்மோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டே இருக்கும். உடல் பருமன் கூடக் கூட அதுவும் கூடும். சினைப்பையில் ஈஸ்ட்ரோஜன் சுரக்கும் கட்டி ஒன்று அபூர்வமாக வரும். மாதவிடாய் நின்ற தொல்லைகளுக்காக ஈஸ்ட்ரோஜன் மாத்திரையை மட்டும் தனியாகச் சாப்பிடுவதும் இதே கணக்குத்தான். எல்லாவற்றிலும் குற்றவாளி ஈஸ்ட்ரோஜன் இருப்பது அல்ல, அதை நிறுத்தச் சொல்ல எதுவும் இல்லாதது.

அப்போது ஸ்லைடு எப்படி இருக்கும்? முதலில் ஒழுங்கு கெடும். சில சுரப்பிகள் ஒடுங்கிக் கிடக்க, பக்கத்தில் சில ஊதிப் பெருத்து நிற்கும். வட்டமாக இருந்தவை கோணல்மாணலாகக் கிளைவிடும். பிறகு சுரப்பிகள் பெருகி இடைத்திசுவுக்கு இடமில்லாமல் போகும். நாங்கள் முதலில் கவனிப்பது இந்த விகிதத்தைத்தான். சுரப்பி இடைத்திசுவைவிட அதிகமாகிவிட்டதென்றால் ஹைப்பர்பிளேசியா, அதாவது அளவுமீறிய வளர்ச்சி என்று எழுதலாமா என யோசிக்கத் தொடங்குவோம். மேல்பரப்பை ஒட்டிய மெல்லிய குழாய்களில் இரத்தம் உறைந்து, அங்கங்கே திசு நொறுங்கி உதிரும். திட்டுத்திட்டாக, தேதியில்லாமல், நாள்கணக்கில் இரத்தம் போவது இதனால்தான். சாதாரண மாதவிடாயில் இரண்டு ஹார்மோனும் இறங்கி மேல்பகுதி முழுதும் ஒருசேர உதிர்வதால் அது ஒரு முடிவுக்கு வருகிறது. இங்கே ஒரு மூலை உதிரும்போது இன்னொரு மூலை வளர்ந்துகொண்டிருக்கும்.

எல்லா ஹைப்பர்பிளேசியாவும் ஒன்றல்ல. இங்கேதான் கட்டுரை பொத்தாம்பொதுவாகப் பேசி எல்லோரையும் பயமுறுத்தியிருக்கிறது. சுரப்பிகள் நெருங்கியிருந்தாலும் உட்கருக்கள் ஒழுங்காக நீண்டு, அடிச்சவ்வுக்குச் செங்குத்தாக நிற்கின்றனவா? அல்லது உருண்டு பெருத்து, உள்ளே கறுப்புப் புள்ளி துருத்திக்கொண்டு, நின்ற திசை மறந்து கிடக்கின்றனவா? இரண்டாவதைத்தான் 'அட்டிப்பியா' என்று எழுதுகிறோம். 1985இல் வந்த ஆய்வு ஒன்று, சிகிச்சையில்லாமல் கண்காணிக்கப்பட்ட 170 பெண்களை வைத்துச் சொன்னது இது: அட்டிப்பியா இல்லாத எளிய வகையில் 1 சதவீதமும், சிக்கலான வகையில் 3 சதவீதமும் பின்னால் புற்றாயின, அட்டிப்பியா உள்ள எளிய வகையில் 8, சிக்கலான வகையில் 29. உலக சுகாதார நிறுவனம் 2014இல் அந்த நான்கு பிரிவையும் இரண்டாகக் குறைத்துவிட்டது: அட்டிப்பியா இல்லாதது, உள்ளது. முதலாவது, புரோஜெஸ்டிரோன் வகை மருந்து கொடுத்தால் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பும். அந்த மருந்தைக் கர்ப்பப்பைக்குள்ளேயே கசியவிடும் லெவோநார்ஜெஸ்ட்ரல் கருத்தடைச் சாதனம் இதற்கு நன்றாக வேலை செய்கிறது. இரண்டாவது வேறு கதை. பயாப்ஸியில் அட்டிப்பியா என்று வந்து கர்ப்பப்பை எடுக்கப்பட்டவர்களில் 100க்கு 40 பேருக்கு மேல் ஏற்கெனவே உள்ளே புற்று இருந்ததாக 2006இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. அங்கே கர்ப்பப்பையை எடுக்கச் சொல்வதில் நியாயம் உண்டு. இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் 'தடித்தால் எடுத்துவிடுவது நல்லது' என்று எழுதுவது பொறுப்பான காரியம் இல்லை.

மாத்திரை விஷயத்திலும் சான்று பழையது. ஈஸ்ட்ரோஜனை மட்டும் எடுத்துக்கொண்ட பெண்களுக்குக் கர்ப்பப்பைப் புற்று கூடுகிறது என்று 1975 டிசம்பரில் ஒரே மருத்துவ இதழில் இரண்டு ஆய்வுகள் வந்தன. பிறகு 1996இல், மாதவிடாய் நின்ற 596 பெண்களை 3 ஆண்டு தொடர்ந்து பயாப்ஸி எடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு வெளியானது. ஈஸ்ட்ரோஜன் மட்டும் சாப்பிட்டவர்களில் 34 சதவீதத்தினருக்குத் தீவிரமான வகை ஹைப்பர்பிளேசியா வந்தது. ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 1 சதவீதம். ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டிரோன் வகை மருந்தும் சேர்த்துச் சாப்பிட்டவர்களின் உட்சுவர், வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுடையதைப் போலவே இருந்தது. கர்ப்பப்பை உள்ள பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜன் மாத்திரை கொடுத்தால் கூடவே மற்றதையும் கொடுக்க வேண்டும், விட்டுவிட்டுக் கொடுப்பதென்றால் மாதத்தில் குறைந்தது 12 நாளாவது கொடுக்க வேண்டும் என்ற விதி இப்படி வந்ததுதான்.

இவ்வளவு சொன்ன நான், 'படத்தில் இருப்பது நோயல்ல' என்று அடித்துச் சொன்னதற்கு ஒரு நிபந்தனையும் போட வேண்டும். ஒரு நாள் காலையில் என் மேஜைக்கு ஒரே தட்டில் இரண்டு ஸ்லைடுகள் வந்தன. இரண்டிலும் ஒரே காட்சி: நீண்ட குழாய்ச் சுரப்பிகள், ஏறி இறங்கிய உட்கருக்கள், பிரியும் செல்கள், போதுமான இடைத்திசு. எண்ணை மறைத்துவிட்டுக் கொடுத்தால் எது யாருடையது என்று எனக்கே தெரியாது. ஒன்று 34 வயதுப் பெண்ணுடையது, மாதவிடாயின் ஒன்பதாம் நாள். அதற்கு இரண்டு வரியில் அறிக்கை முடிந்தது. இன்னொரு பெண்ணுக்கு 61 வயது, மாதவிடாய் நின்று பல வருடம், இப்போது திடீரென்று இரத்தம். அந்த வயதில் உட்சுவர் மெலிந்து, சுரப்பிகள் குட்டையாகி, செல்கள் தட்டையாகி, பிரிவதே இல்லாமல் ஓய்ந்திருக்க வேண்டும். இவ்வளவு சுறுசுறுப்பு எங்கிருந்து வந்தது? யாரோ ஈஸ்ட்ரோஜன் கொடுத்திருக்கிறார்கள், இல்லை உடல் எங்கோ அதை உண்டாக்குகிறது. அறிக்கையில் அதைக் கேள்வியாகவே எழுதி அனுப்பினேன். மூட்டுவலிக்கென்று யாரோ சொன்ன மாத்திரையோடு ஹார்மோன் மாத்திரை ஒன்றையும் அவர் வெகுநாளாக விழுங்கிக்கொண்டிருந்தது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. அவர் அதை மருந்துக் கணக்கிலேயே சேர்க்கவில்லை, டாக்டரிடம் சொல்லவும் இல்லை.

ஆகவே உங்கள் படத்தில் இருக்கும் பெண்ணுக்கு வயது 30 என்றால் அடிக்குறிப்பு தவறு. 60 என்றால் படத்தைப் பற்றிப் பேச வேண்டியது வேறு. வயதும் தேதியும் இல்லாமல் அந்தப் படத்தைப் போட்டதே தவறு என்பது என் கட்சி.

இது பத்திரிகையின் குறை மட்டுமல்ல. பயாப்ஸித் திசுவோடு வரும் படிவத்தில் 'கடைசி மாதவிடாய் தேதி' என்று ஒரு கட்டம் இருக்கும். வேலையில் இருந்தபோது என்னை அதிகம் எரிச்சல்படுத்தியது அந்தக் கட்டம்தான். பாதிப் படிவங்களில் காலியாக இருக்கும். சிலவற்றில் ஒரு கோடு இழுத்திருப்பார்கள். 'ஒழுங்கற்றது' என்று எழுதிவிட்டு நழுவுகிறவர்களும் உண்டு. 'சாப்பிடும் மருந்துகள்' என்ற கட்டம் அதைவிட மோசம். ஃபார்மலினில் பக்குவப்படுத்தி, மெழுகில் புதைத்து, மூன்று நான்கு மைக்ரான் தடிமனுக்கு சீவி, சாயம் ஏற்றி, அவ்வளவு பாடுபட்டுக் கண்ணாடியில் ஏற்றிய திசுவை வைத்துக்கொண்டு 'ஈஸ்ட்ரோஜனின் விளைவு தெரிகிறது. தேதியோடு ஒப்பிட்டுப் பார்க்கவும்' என்று மொட்டையாக எழுதிவிடுவது தவிர வேறு வழியில்லை. அந்த வரியைப் படித்த டாக்டர் மறுபடி பயாப்ஸி எடுக்கச் சொல்வார். எழுதுவதற்கு அரை நிமிடம் ஆகாத ஒரு தேதிக்காக ஒரு பெண் இரண்டாம் முறை மேஜையில் படுக்க வேண்டும்.

ஸ்கேனில் வரும் மில்லிமீட்டர் கணக்குக்கும் இதே கதைதான். ஸ்கேன் அளப்பது முன்சுவர், பின்சுவர் இரண்டின் உட்படலத்தையும் சேர்த்து. மாதவிடாய் நாட்களில் 2 முதல் 4 மில்லிமீட்டர். கருமுட்டை வெளியேறும் தறுவாயில் 11 வரை போகும். அதற்குப் பிறகு 16 வரை கூடச் சாதாரணம். ஒரே பெண், ஒரே மாதம். 20ஆம் நாளில் எடுத்த ஸ்கேனில் 14 என்று வந்ததும் கையைப் பிசைந்துகொண்டு வருகிறார்கள். அவர்களில் பலருக்கு அந்த எண்ணில் பயப்பட ஒன்றுமில்லை. மாதவிடாய் வருகிற வயதில் தடிமன் எண்ணை மட்டும் வைத்து நோய் என்று சொல்ல முடியாது. தேதி தவறி, நாள்கணக்கில், அளவுக்கு மீறி இரத்தம் போகிறதா என்பதுதான் முக்கியம்.

மாதவிடாய் நின்றவர்களுக்குத்தான் எண்ணுக்கு மதிப்பு அதிகம். இரத்தம் போகிறது, ஸ்கேனில் 4 மில்லிமீட்டர் அல்லது அதற்குக் கீழே என்றால் புற்று இருக்கும் வாய்ப்பு மிகமிகக் குறைவு. அதற்கு மேல் இருந்தால் திசு எடுத்துப் பார்க்க வேண்டும். மெலிந்து போன உட்சுவரிலிருந்தே பலருக்கு இரத்தம் வரும். அதனால் இரத்தத்தைக் கண்டதும் புற்று என்று முடிவு கட்டத் தேவையில்லை. 2018இல் பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது, மாதவிடாய் நின்ற பிறகு இரத்தம் போன பெண்களில் 100க்கு 9 பேருக்குத்தான் கர்ப்பப்பை உட்சுவர்ப் புற்று இருந்தது. மறுபக்கமும் அதே கணக்கில் இருக்கிறது: அந்தப் புற்று வந்த 100 பேரில் 90 பேருக்கு இரத்தப்போக்கு முன்கூட்டியே காட்டிக்கொடுத்திருந்தது. 'வயசான காலத்தில் சூடு' என்று சொல்லிக்கொண்டு மாதக்கணக்கில் தள்ளிப்போட்டுவிட்டு வந்தவர்களின் ஸ்லைடுகளை நான் பார்த்திருக்கிறேன். ஒரு துளியாக இருந்தாலும், ஒரே ஒரு தடவையாக இருந்தாலும் காட்டிவிட வேண்டும். உங்கள் கட்டுரையில் கொட்டை எழுத்தில் போட்டிருக்க வேண்டிய வரி இது. அது எங்குமே இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நோய்க்குறியியல் மருத்துவர்

பி.கு.: மார்பகப் புற்றுக்காக டமாக்ஸிஃபென் சாப்பிடுகிறவர்களைக் கட்டுரை விட்டுவிட்டது. அந்த மருந்து மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும். கர்ப்பப்பை உட்சுவரில் ஓரளவு ஈஸ்ட்ரோஜனாகவே நடந்துகொள்ளும். இடைத்திசு பருத்து, சுரப்பிகள் நீர்ப்பைகளாக ஊதி, பாலிப்புகள் என்ற சதைத் துளிர்கள் வரலாம். ஸ்கேனில் தடிமன் அதிகமாகத் தெரிவது பல சமயம் இதனால்தான். இரத்தப்போக்கு இல்லாமல் வெறும் தடிமனை மட்டும் பார்த்துப் பயந்து மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. மாதவிடாய் நின்றபின் அதைச் சாப்பிடுகிறவர்களுக்கு இரத்தம் தென்பட்டால் அடுத்த பரிசோதனைத் தேதி வரை காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.